ப்ளூ கிராஸுக்குப் போன் செய்வதற்கு முன்: வாசகர் கேள்விகள்

எங்கள் தெருவில் எட்டு நாய்கள். ப்ளூ கிராஸில் சொன்னால் பிடித்துப்போய் அங்கேயே வைத்துக்கொள்வார்களா?

மாட்டார்கள். எனக்கு அதிகம் வருகிற கேள்வியே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1959-ல் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தி.நகரில் தங்கள் வீட்டிலேயே தொடங்கிய விலங்கு நல அமைப்புதான் ப்ளூ கிராஸ். அப்போது மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. எத்தனை கொன்றும் குறையவில்லை. குப்பையும் மிச்சச் சோறும் கிடக்கும்வரை, காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று ப்ளூ கிராஸார் 1964-லிருந்து சொன்னார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல். முப்பத்திரண்டு வருடம்! இன்று மத்திய அரசின் 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதையே சொல்கின்றன. ரேபிஸ் கண்ட நாய்க்கு இது பொருந்தாது. பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களுக்கு அங்கே பிடித்த நாய்களைத் திரும்ப அங்கேயே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தனி உத்தரவு போட்டிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எட்டில் எதற்கெல்லாம் காதில் சின்ன வெட்டு இல்லை என்று பாருங்கள். வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று அர்த்தம். மற்றவற்றைக் குறித்து, மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து கருத்தடைக்குக் கேளுங்கள். பெண் நாய்களை முதலில் சொல்லுங்கள்.

சொறி பிடித்த நாய்க்கு மெக்கானிக் ஷாப் கழிவு ஆயில் பூசலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா?

தயவுசெய்து வேண்டாம். நல்ல மனசோடுதான் பூசுகிறார்கள், ஆனால் அந்த நாய் ப்ளூ கிராஸில் எங்களிடம் வரும்போது பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் கறுப்பு. மூன்று முறை ஷாம்பு போட்டால்தான் தோல் தெரியும். தெரிகிற தோலும் வெந்த மாதிரி சிவந்து வெடித்திருக்கும். நக்கி நக்கி ஆயில் வயிற்றுக்குள் போய் வாந்தி வேறு. சொறிக்குக் காரணமான சிற்றுண்ணி கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் இருக்கும். இப்போது நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. தொடவே விடாத நாய்க்குக்கூட ஒரு துண்டு சிக்கனில் வைத்துக் கொடுத்துவிடலாம். டாக்டரிடம் நாயின் போட்டோவைக் காட்டி, எடையை உத்தேசமாகச் சொல்லி வாங்குங்கள். நீங்களாக மருந்துக் கடையில் வாங்காதீர்கள், அளவு தப்பினால் ஆபத்து.

மொட்டை மாடித் தொட்டிக்குப் பின்னால் கண் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள். எடுத்து வரட்டுமா?

எடுக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள், ஆள் பக்கத்தில் நின்றால் அது வராது. குட்டிகள் சில்லிட்டுக் கத்திக்கொண்டே இருந்தால் மட்டும் கை வையுங்கள்: முதலில் சூடு, அப்புறம்தான் பால். பசும்பால் ஒத்துக்கொள்ளாது, பேதியாகும். பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது. இன்னொன்று, பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அது பூனையைக் கொன்றுவிடும்.

கூண்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோம்...

சட்டப்படி குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களே பறக்கவிட்டால் காக்கைக்கு இரையாகும்.

கடித்த நாய்க்குக் காதில் வெட்டு இருக்கிறது. எனக்கு ஊசி வேண்டுமா?

வேண்டும். அந்த வெட்டு, எப்போதோ ஒருமுறை தடுப்பூசி போட்டதைத்தான் காட்டும். உடனே சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடுகிற ரேபிஸ் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசித் தவணைகளைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பணம் கொடுக்கிற நிலையில் இல்லை. வேறு என்ன தரலாம்?

பழைய நியூஸ்பேப்பர், பெட்ஷீட், துண்டு. கருத்தடை முடிந்து மயக்கம் தெளிகிற நாய்க்கு உடம்பு சில்லிட்டுவிடும், நடுங்கும். அந்த நேரத்தில் அதற்கடியில் ஒரு பழைய பெட்ஷீட்டை நாலாக மடித்துப் போடுகிறோம். ஒரு நாளைக்கு எத்தனை வந்தாலும் போதுவதில்லை.