ரூஸ்வெல்ட்டா, ரோஸவெல்ட்டா? ஒரு குடும்பப் பெயர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், ரூஸ்வெல்ட் என்றால் என்ன அர்த்தம்? அமெரிக்காவிலேயே அபூர்வமான பெயராமே?

டச்சுப் பெயர். ‘ரோஸ்’ ரோஜா, ‘வெல்ட்’ வயல்வெளி. 1650-க்கு முன்பே கிளாஸ் மார்ட்டென்ஸென் வான் ரோஸென்வெல்ட் என்பவர் நியூ ஆம்ஸ்டர்டாமில், அதாவது இன்றைய நியூயார்க்கில், குடியேறிவிட்டார். ‘வான்’ என்பது இன்ன இடத்துக்காரர் என்று காட்டும். மகன் நிக்கலஸ் அதை விட்டுவிட்டு ரூஸ்வெல்ட் என்று எழுத ஆரம்பித்தார். ஒரே ஆளிடமிருந்து கிளைத்த பெயர், அதனால்தான் அபூர்வம். நெட்டில் குடும்பச் சின்னம் விற்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்கு உரியது, அந்தப் பெயர் வைத்திருக்கிற எல்லோருக்கும் உரியதல்ல.

கேள்வி: அமெரிக்க அதிபர்களாக இருந்த தியோடரும் ஃபிராங்க்ளினும் அண்ணன் தம்பியா?

இல்லை, தூரத்துப் பங்காளிகள். நிக்கலஸின் பிள்ளைகளில் யோஹான்னஸ் வழி தியோடர், யாகோபஸ் வழி ஃபிராங்க்ளின். 1905-இல் ஃபிராங்க்ளின் கட்டிக்கொண்ட எலினோர், தியோடரின் தம்பி மகள். அப்பா உயிரோடு இல்லாததால் அதிபராக இருந்த பெரியப்பாவே தாரைவார்த்துக் கொடுத்தார். எலினோருக்குப் பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் ஒன்றுதான்.

கேள்வி: ரோஸவெல்ட் என்று சொல்ல வேண்டுமென்று எங்கோ படித்தேன். நிஜமா?

நிஜம், இதைக் கேட்டதற்கு நன்றி. தியோடரே 1898-இல் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார்: மூன்று அசை, முதல் அசை ரோஜாவுக்கான ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்க வேண்டும். டச்சில் இரண்டு ‘ஓ’ சேர்ந்து வந்தால் நெடில் ஓகாரம். ஆங்கிலம் படித்த கண்ணுக்கு அது ‘ஊ’ மாதிரி தெரிகிறது, நாமும் அந்த எழுத்தைப் பார்த்து ‘ரூ’ போட்டுவிட்டோம்.

கேள்வி: நம் பாடப்புத்தகம் முழுக்க ரூஸ்வெல்ட்தானே? இப்போது மாற்றினால் பிள்ளைகளுக்குத்தான் குழப்பம்.

தேடிக் கண்டுபிடிக்க வசதியாக ரூஸ்வெல்ட் என்றே எழுதுங்கள், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். ஆனால் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும்போது ரோஸவெல்ட் என்று ஒரு தடவையாவது சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்கர்களே பலர் ‘ரூ’ என்கிறார்களே, அப்புறம் நமக்கென்ன?

அவர்களுக்கு எழுத்து கைகொடுக்கவில்லை ஐயா. ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்கூட்டைப் பார்த்தால் ‘ரூ’வா ‘ரோ’வா என்று தெரியாது. தமிழில் ‘ரோ’ என்று போட்டால் வேறு எப்படியும் படிக்க முடியாது. சரியாக எழுத இவ்வளவு வசதியான எழுத்தை வைத்துக்கொண்டு அவர்கள் தடுமாறும் இடத்திலேயே நாமும் ஏன் தடுமாற வேண்டும்? ஒருவருடைய பெயரை அவர் சொன்னபடி சொல்வதுதான் மரியாதை.

கேள்வி: குடியேற வந்தவர்களைச் சோதித்த நியூயார்க் எல்லிஸ் தீவு நிலைய அதிகாரிகள்தான் பெயரை மாற்றினார்களா?

இல்லவே இல்லை. அந்த நிலையம் திறந்தது 1892-இல், இந்தக் குடும்பம் வந்து இருநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து. மற்றவர்கள் விஷயத்திலும் இந்தக் கதையை நம்பாதீர்கள். அதிகாரிகள் கப்பலோடு வந்த பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள்.

கேள்வி: ரோஸன்ஃபெல்ட்தான் ரூஸ்வெல்ட் ஆனதாமே? யூதக் குடும்பமா?

ஜெர்மன் பெயரான ரோஸன்ஃபெல்ட்டுக்கும் ரோஜா வயல் என்றுதான் பொருள், ஆனால் அர்த்தம் ஒன்றாக இருந்தால் சொந்தமாகிவிடாது. இந்த வதந்தி ஃபிராங்க்ளின் காலத்திலேயே ஓடியது. 1935-இல் அவர் எழுதிய பதில்: முன்னோர் யூதரோ, கத்தோலிக்கரோ, புராட்டஸ்டன்டோ, யாராகவும் இருந்திருக்கலாம், நல்ல குடிமக்களாக இருந்தார்களா என்பதில்தான் தனக்கு அக்கறை.

கேள்வி: கறுப்பின மக்கள் சிலருக்கு ரூஸ்வெல்ட் என்பதே இட்ட பெயராக இருக்கிறதே?

நல்ல கவனிப்பு. ப்ளூஸ் பியானோ கலைஞர் ரூஸ்வெல்ட் சைக்ஸ் 1906-இல் பிறந்தார், அப்போது தியோடர் அதிபர். 1901-இல் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு அழைத்தவர் அவர், தெற்கத்திய வெள்ளையர்கள் கொதித்துப்போனார்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் ரூஸ்வெல்ட் கிரியர் பிறந்தது 1932-இல், ஃபிராங்க்ளின் முதன்முதலாக அதிபர் தேர்தலில் ஜெயித்த வருஷம். குடும்பப் பெயர் முதல் பெயராக மாறிய இந்தக் கதைக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

கேள்வி: ரூஸ்வெல்ட் என்றால் என்ன பொருள்?

முதல் பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டு பேரும் உறவா?

இரண்டாம் பதில்.

கேள்வி: ஸ்வார்ஸ்நெகர் பற்றிச் சொல்லுங்களேன்?

ஆஸ்திரியப் பெயர், ஜெர்மன் தெரிந்தவரைக் கேளுங்கள். டச்சுப் பெயரான வான்டர்பில்ட் என்றால் சொல்வேன், நெதர்லாந்தில் உட்ரெக்ட் பக்கத்து டி பில்ட் ஊர்க்காரர் என்று அர்த்தம்.