பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையில் கொண்டுபோகலாம் என்கிறார்களே, ஏன்? இரண்டும் ஒரே விமானம்தானே?

ஒரே விமானம்தான். ஆனால் கீழே சரக்கு அறையில் ஆள் கிடையாது.

தருமபுரி நான்கு ரோடு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு, உப்பிப்போன பேட்டரி ஒன்றை நெம்பி எடுக்கும்போது கருவியின் நுனி பட்டுக் கிழிந்துவிட்டது. ஒரு மாதிரி தித்திப்பான நெடி, புஸ்ஸென்று புகை, உடனே தீ. மணல் வாளியில் தள்ளினேன். அடங்கிவிட்டது என்று கிளறினால் மறுபடி சீறியது. தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் ஓய்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரி அது.

பவர் பேங்க், போன் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல்லில் சூடு ஒரு கட்டத்தைத் தாண்டினால், உள்ளே நடக்கும் வேதிவினையே மேலும் சூட்டைக் கிளப்பும். பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். சரக்கு அறையில் தீயணைக்க வைத்திருக்கும் ஹாலான் வாயு சுடரை அடக்கும், செல்லுக்குள் ஏறும் சூட்டை இறக்காது. கேபினில் என்றால் யாராவது புகையைப் பார்ப்பார்கள், பணியாளர்கள் அணைப்பானை அடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்தது. ஒரு மணி நேரத்துக்குள் விமானம் விழுந்து, விமானிகள் இருவரும் இறந்துபோனார்கள்.

அதனால் கையில் கொண்டுபோனால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். 2025 ஜனவரியில் கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே தீப்பிடித்தது தலைக்கு மேலே உள்ள பெட்டித் தட்டில்தான். பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. நல்லவேளை, எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்.

அளவைப் பொறுத்தவரை 100 வாட்-ஹவர் (பேட்டரி தாங்கும் மின்சக்தியின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-ஹவர், அதனால் கவலை வேண்டாம். அளவே அச்சடிக்காத மலிவுச் சரக்கை வாங்காதீர்கள்.

போன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டை அசைக்காதீர்கள், நசுங்கும். பணியாளரைக் கூப்பிடுங்கள்.

போன மாதம் பெங்களூரு போய் விமானம் ஏறவிருந்த தம்பி ஒருவர், "அண்ணா, சார்ஜ் நிக்கல, பாருங்க" என்று பவர் பேங்கை நீட்டினார். வயிறு உப்பியிருந்தது. திருப்பித் தர மனம் வரவில்லை. என் கடையில் இருந்த புதியதைக் கொடுத்து அனுப்பினேன், காசை ஊருக்குத் திரும்பி வந்தபிறகு தரட்டும்.