கொடி புதிது, குரல் பழையது

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதிலிருந்து பிரான்ஸின் பிரிட்டனி பகுதி இசையை ஒரு மாதமாகக் கேட்கிறேன். கூடவே கொஞ்சம் படித்தேன், ஏமாற்றமாகிவிட்டது. அவர்களுடைய கறுப்பு வெள்ளைக் கொடி 1920களில் வரைந்தது. ‘பகாத்’ என்னும் பேக்பைப் (பைக்குழல்) குழுக்கள் 1940களில் ஸ்காட்லாந்தைப் பார்த்து அமைத்தவை. மூன்று சுழி போட்ட திரிஸ்கெல் சின்னம் அவர்கள் முன்னோராகச் சொல்லும் கெல்ட்டியருக்கும் முந்தையது, இவர்கள் பின்னால் எடுத்துக்கொண்டது. எல்லாமே பிற்காலத்தில் ஒட்டவைத்ததென்றால் இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது சரி. திரிஸ்கெல் பற்றி வாதிடவே மாட்டேன். அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லில் 5000 ஆண்டுக்கு முன்பே மூன்று சுழி இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் யாழ் போன்ற அவர்களுடைய ஹார்ப் வழக்கொழிந்து போயிருந்தது. 1953இல் ஜோர்ட் கொஷெவெலூ என்பவர் அதைத் திரும்பச் செய்து ஒன்பது வயது மகன் கையில் கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற ஹார்ப் கலைஞர் ஆலன் ஸ்டிவெல். பிரிட்டனியின் சொந்த மொழியான பிரெத்தோனில் ஸ்டிவெல் என்றால் ஊற்று.

ஏன் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது என்று பாருங்கள். பள்ளியில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வேறொரு பிள்ளை அந்த மொழியில் வாய் திறந்தால் செருப்பு அங்கே மாறும். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தால்தான் தப்பலாம். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சில்தான் பேசினார்கள். நூறாண்டுக்கு முன் பத்து லட்சம் பேருக்கு மேல் பேசிய மொழி இன்று ஒன்றிரண்டு லட்சத்தில் நிற்கிறது. இந்த ஜனங்கள் ஒரு கொடியைத் தைத்து உயர்த்தினால், அது எந்த வருடத்துத் துணி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பழையதுதான் வேண்டுமென்றால் பகாத்தை விட்டுவிட்டு ‘கான் ஹா திஸ்கான்’ கேளுங்கள். வாத்தியமே கிடையாது, இரண்டு பேர் மட்டும். முதல் ஆள் ஒரு வரி பாடுவார். வரியின் கடைசி இரண்டு மூன்று அசைகளில் அடுத்தவர் வந்து சேர்ந்துகொண்டு, அதே வரியைத் தனியாகத் திருப்பிப் பாடுவார். அவர் முடிக்கும் இடத்தில் முதல் ஆள் மறுபடி சேர்வார். ஆடுகிறவர்களுக்கு ஒரு மாத்திரைகூட இடைவெளி விழாது. பண்ணை வேலை முடிந்த இரவுகளில் ஆடிப் பாடியது இது. 1950களில் பாடகர் லோயிஸ் ரோபார்ஸ் போன்றவர்கள் மண்டபங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இரவு விழாவான ஃபெஸ்ட் நோஸை 2012இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம் பொம்பார்ட், பினியூ (அவர்களுடைய சின்ன பேக்பைப்) ஜோடி. பொம்பார்ட் நம் நாதஸ்வரம் போல இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது, ஆனால் மிகவும் குட்டை. மூச்சை அப்படி வாங்கும் என்பதால் ஊதுகிறவர் ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் பினியூக்காரர் பையிலிருக்கும் காற்றை வைத்து ஒரு ஸ்தாயி மேலே அதே மெட்டைத் தாங்கிப் பிடிப்பார். இரண்டு பாடகர்கள் செய்ததை அப்படியே இரண்டு வாத்தியங்கள் செய்கின்றன. இதை யாரும் 1940களில் ஸ்காட்லாந்திலிருந்து வாங்கி வரவில்லை.

இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு அந்த இரண்டு குரல்களை மட்டும் கேளுங்கள். ஒன்று இன்னொன்றின் மேல் வந்து விழுகிற இடத்தில் காதை வையுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்