வெல்டிங் மெஷினுக்கு 16 ஆம்பியர் சாக்கெட் போதுமா?

கேள்வி: கார் ஷெட்டில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. 12 நம்பர் ராடு நன்றாக ஓடுகிறது. 10 நம்பர் போட்டால் கொஞ்ச நேரத்தில் எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) விழுகிறது, பிளக்கும் கொதிக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 போடலாமா?

பதில்: கூடவே கூடாது. எம்.சி.பி. காப்பது மெஷினை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. பவர் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர்தான் இழுத்திருப்பார்கள். அதற்கு 32 போட்டால் ஒயர் கருகினாலும் எம்.சி.பி. அசையாது.

12 நம்பர் ராடு (2.5 மி.மீ.) 80 ஆம்பியரில் எரியும்போது மெஷின் லைனிலிருந்து சுமார் 14 ஆம்பியர் எடுக்கும். 10 நம்பருக்கு (3.15 மி.மீ.) 120 வைத்தால் 23 வரை ஏறும். விலை குறைந்த இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டர் குறைவு என்பதால், வாட் கணக்கு காட்டுவதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். 10 நம்பர் எரியும்போது மெஷினுக்கே சுமார் 3.7 கிலோவாட் போய்விடுகிறது. உங்கள் இணைப்பின் அனுமதி லோடு 4 கிலோவாட் என்றால் அந்த நேரத்தில் ஏ.சி., மோட்டார் எதுவும் ஓடக் கூடாது.

ஆக, 16 ஆம்பியர் சாக்கெட் போதாது. டி.பி.யிலிருந்து (எம்.சி.பி.கள் இருக்கும் மெயின் பெட்டி) தனி லைன் இழுங்கள்: பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 6 ஸ்கொயர் காப்பர், நடுவில் ஜாயின்ட் வேண்டாம். 32 ஆம்பியர் 'சி' கர்வ் டபுள் போல் எம்.சி.பி., 40 ஆம்பியர் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனை அணைப்பது), முனையில் நீல நிற 32 ஆம்பியர் 3 பின் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். 'பி' கர்வ் வாங்கினால், சுவிட்ச் போட்டதும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஒரேயடியாக இழுக்கும் கரன்டுக்கே விழலாம். டி.பி. வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

மெஷினோடு வரும் கேபிள் மெல்லியதாக இருந்தால் 4 ஸ்கொயர் ஃபிளெக்சிபிளாக மாற்றுங்கள். நுனிக்கு ஈயம் பூசாதீர்கள்; ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, பிடி தளர்ந்து, அங்கேதான் பிளக் உருகும். ஃபெரூல் (ஒயர் நுனியில் மாட்டும் சின்ன உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: மெஷினின் எர்த் கிளாம்பை (வெல்டிங் கரன்ட் மெஷினுக்குத் திரும்பும் கேபிளின் கிளிப்) வெல்டு செய்யும் இரும்பிலேயே, பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள். வசதிக்காக ஷெட் தூணில் மாட்டினால், வெல்டிங் கரன்ட் திரும்பும் வழி தேடி வீட்டு எர்த் ஒயர் வழியாகப் பாயலாம். 100 ஆம்பியருக்கு மேல் அதில் போனால் ஒயர் எரிந்து அறுந்துவிடும். அறுந்தது வெளியே தெரியாது. மெஷின் எப்போதும்போல ஓடும், பாதுகாப்பு மட்டும் இருக்காது.

லைன் இழுக்கும் வேலை முடிந்ததும் மூன்று 10 நம்பர் ராடு தொடர்ந்து எரித்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஸ்க்ரூ தளர்வாக இருக்கிறது. எரியும்போது டி.பி.யிலேயே 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், குறை இந்தப் புது லைனில் இல்லை. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.