பிள்ளையைத் தேனீ கொட்டினால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனில் காவடிக் காலம் நல்ல கோடையில் வருகிறது. பூமாலையும் சர்பத்தும் இருக்கும் இடத்தில் தேனீயும் வந்துவிடும். குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த் அம்மா: நாலு வயது மகனுக்குக் காலில் கொட்டியது. கொடுக்கை எடுக்க இடுக்கி தேடியதில் ஐந்து நிமிடம் போய்விட்டது. தப்பா அக்கா?

பயப்படாதீர்கள் தங்கச்சி, ஆனால் அடுத்த முறை எதையும் தேட வேண்டாம். கொடுக்கோடு விஷப் பையும் தோலில் தங்கிவிடும். தேனீ போன பிறகும் அது விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டுங்கள், கிள்ளி எடுங்கள், எப்படியானாலும் சரி, உடனே எடுக்க வேண்டும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள், பிஞ்சுத் தோல் புண்ணாகிவிடும்.

எதைக் கண்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்?

ஒரு நாள் ஒரு சிறுமியைத் தூக்கி வந்தார்கள். கொட்டியது விரலில். அம்மா விரலை விடாமல் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையோ தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தாள், குரல் கம்மிப் போயிருந்தது. விரலில் வீக்கமே இல்லை. ஆபத்து தொண்டையில் இருந்தது.

அதனால் கொட்டிய இடத்தை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தையும் மூச்சையும் பாருங்கள். கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், இளைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல், பிள்ளை துவண்டு போவது: இதில் ஒன்று தெரிந்தாலும் 10177, செல்போனிலிருந்து 112. பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், சில நேரம் இரண்டு மணி நேரம் வரை ஆகும். படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. அலர்ஜி சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருந்து நேரத்தை இழக்காதீர்கள். ஊசி போட்டுப் பிள்ளை தெளிந்தாலும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்கத்தான் வேண்டும், திரும்பவும் வரக்கூடும்.

மறுநாள் முழங்கால் வரை வீங்கிவிட்டது. ஆன்டிபயாட்டிக் வேண்டுமா?

பிள்ளை விளையாடிச் சாப்பிட்டு இருந்தால் வேண்டாம். வீக்கம் இரண்டு நாள் கூடும், ஒரு வாரம் பத்து நாளில் வடியும். இரண்டு நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினால், அல்லது எப்போதானாலும் காய்ச்சலோ சீழோ வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பீனிக்ஸ் தாத்தா: மரத்தில் கூடு கலைந்து பேத்தியைப் பத்துப் பதினைந்து தேனீ கொட்டியது. நன்றாகத்தான் இருக்கிறாள்.

நன்றாக இருந்தாலும் உடனே கூட்டிக்கொண்டு போங்கள் தாத்தா. அலர்ஜி இல்லாவிட்டாலும் அத்தனை விஷம் சின்ன உடம்புக்குத் தாங்காது. நம் ஊர்த் தேனீ கூட்டமாகத் துரத்தும். ஒன்று கொட்டினால் அதன் வாசம் மற்றவற்றையும் இழுக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ கதவை மூடுங்கள்.

கூல்டிரிங் கேனில் இருந்த தேனீ வாய்க்குள் கொட்டினால்?

ஐஸ் துண்டைச் சப்பக் கொடுத்தபடியே கிளம்புங்கள். வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயம் இல்லை.