நின்ற பிறகு பட்ட கறை

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று 7 வருடம் ஆகிறது. போன மாதம் பாவாடையில் பழுப்புக் கறை பட்டது, உடம்புச் சூடு என்று வெந்தயத் தண்ணீர் குடித்தார். மறுபடியும் பட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மி.மீ. தடித்திருக்கிறதாம், சதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். போன வருடம் எடுத்த பாப் டெஸ்ட் நார்மல்தான். சீண்டினால் பரவிவிடும் என்று பெரியம்மா பயமுறுத்துகிறார்.
– வாசகி, குடியாத்தம்

பதில்: எடுத்துவிடுங்கள், இந்த வாரமே. வைக்கோல் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள், சில நிமிட வேலை, மாதவிலக்கு வயிற்றுவலி போலக் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் புற்று பரவாது.

வேலூரை வெயிலூர் என்று நாமே கிண்டல் செய்கிறோம், ஆனால் வெயிலால் கர்ப்பப்பையில் ரத்தம் வராது. நின்ற பிறகு ரத்தம் படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புற்று இருக்காது, அதனால் இப்போதே அழ வேண்டாம். ஆனால் கர்ப்பப்பை உள்சவ்வில் புற்று வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு முதல் அடையாளம் இந்தக் கறைதான். நின்ற பிறகு சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தாலே சந்தேகப்படுவார்கள், அம்மாவுக்கு 11. பாப் டெஸ்ட் கர்ப்பப்பை வாய்க்கானது, உள்சவ்வுக்கு அதை நம்ப முடியாது.

ஏன் தடிக்கிறது? ஈஸ்ட்ரோஜன் சவ்வை வளர்க்கும், புரோஜெஸ்ட்ரோன் போதும் என்று மடையை அடைக்கும். சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பிலுள்ள கொழுப்பு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரித்துக்கொண்டே இருக்கும், மடையை அடைக்கத்தான் ஆளில்லை. உடல் பருமனும் சர்க்கரையும் இருப்பவர்களுக்கு இது அதிகம் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

புற்றுதான் என்று வந்தாலும், கர்ப்பப்பைக்குள்ளேயே அடங்கியிருந்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை எல்லாவற்றையும் எடுப்பார்கள், பல பேருக்கு லேப்ராஸ்கோப்பியிலேயே முடிந்துவிடும். அப்புறம் சிலருக்கு மட்டும் பிறப்புறுப்பு வழியாக உள்கதிர்வீச்சு, இன்னும் முற்றியிருந்தால் கீமோ. சதை ரிப்போர்ட்டில் எம்.எம்.ஆர்., பி53 என்று கட்டியின் வகையைக் காட்டும் புரதங்களைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். எம்.எம்.ஆர். புரதம் இல்லாத கட்டி முற்றிய நிலையில் இருந்தால் இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து, நன்றாக வேலை செய்யும். அதோடு, அது சில குடும்பங்களில் பரம்பரையாக வரும் லிஞ்ச் கோளாறாகவும் இருக்கலாம், குடல் புற்றும் அதில் சேர்த்தி, அப்படியென்றால் உங்களுக்கும் பரிசோதனை வேண்டும்.

ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கக் கூடாது என்று வீட்டார் மறுத்து ஒரே இரவில் மூன்று பெண்கள் செத்துப்போனதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவம் படித்தார், பிறகு சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்த கிளினிக்கை 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். இத்தனை வருடம் கழித்தும் அதே ஜில்லாவில் கறையைச் சொல்ல வெட்கப்பட்டு வெந்தயம் ஊறவைக்கிறோம். பெரியம்மாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கும் பட்டிருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள்.

கேள்வி: 33 வயது, பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, குழந்தை இல்லை. சதைப் பரிசோதனையில் ‘அணுமாற்றத்தோடு சவ்வு தடிப்பு’ என்று வந்திருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகி, ராணிப்பேட்டை

பதில்: குழந்தை வேண்டும் என்றால் உடனே எடுக்க வேண்டியதில்லை. புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை அல்லது காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் கொடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி சதை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இது புற்றுக்கு முந்தைய படி.