வலிக்காத கட்டி

கேள்வி: டொக்டர் ஐயா, என் கணவருக்கு 52 வயது. மூன்று வருஷத்துக்கு முன் சிறுநீரகம் மாற்றினார்கள். லயத்துக்குப் பின்னால் லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் வேலியில் இருந்த ரோசா முள் முன்கையில் குத்தியது. அந்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவில் கட்டி வந்து, உடைந்து, ஆறாமல் நிற்கிறது. வலி இல்லை, காய்ச்சலும் இல்லை. இரண்டு தடவை அன்டிபயோட்டிக் குடித்தார். பாமசியில் ஒரு கிறீம் வாங்கிப் பூசினோம். முதல் வாரம் குறைந்த மாதிரி இருந்தது. இப்போது அதற்கு மேலே இன்னும் இரண்டு கட்டி. வலிக்கவில்லையே, கிளினிக் திகதி வரட்டும் என்கிறார். பிள்ளைகளுக்குத் தொற்றுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: திகதிக்குக் காத்திருக்க வேண்டாம் அம்மா, இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.

கையைப் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் முள் குத்திய இடத்தில் ஒன்று, அங்கிருந்து முழங்கையை நோக்கி வரிசையாக இன்னும் சில என்றால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஸ்போரோதிரிக்ஸ் என்ற பூஞ்சை. மண்ணிலும் மக்கிய இலைதழையிலும் இருக்கும். முள்ளோடு தோலுக்கு அடியில் போய், நிணநீர்க் குழாய் வழியே மேலே ஏறும். மேல்தோலில் வருகிற படர்தாமரை வேறு, இது வேறு. காசநோய்க் கிருமிக்கு உறவான சில கிருமிகளும் இதே கோலத்தில் வரும். அதனால்தான் சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

வலி இல்லாதது நல்ல அடையாளம் இல்லை. இந்த நோய் சுகதேகிக்கே அதிகம் வலிக்காது. உங்கள் கணவரோ, மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் குளிசை குடிப்பவர். டக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரட்னிசலோன் என்று வழக்கமாகக் கொடுப்பவை எல்லாம் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைப்பவை. சிவப்பும் சூடும் வலியும் அந்தச் சக்தி சண்டை பிடிக்கிற சத்தம்தான். சத்தம் இல்லாமலே பூஞ்சை எலும்புக்கும் மூட்டுக்கும் நுரையீரலுக்கும்கூடப் போகலாம். அந்தக் கிறீமில் ஸ்டீரொய்ட் இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். வீக்கம் வற்றும், பூஞ்சை கொழுக்கும். நிறுத்துங்கள்.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூட்டுவாதத்துக்காக நெடுநாள் பிரட்னிசலோன் குடித்த ஒரு கொழுந்து பறிக்கும் அம்மாவின் கையிலிருந்து துண்டு எடுத்தேன். எடுத்ததை முழுவதுமாக, சதை கெடாமல் வைக்கும் ஃபோர்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் போட்டு அனுப்பிவிட்டேன். ஃபோர்மலினில் பூஞ்சை செத்துவிடும். செத்ததை வளர்த்துப் பார்க்க முடியாது. மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. அந்த அம்மா கோபிக்கவில்லை. “இன்னொரு பேர் போச்சுங்க ஐயா” என்றார். ஒரு நாள் சம்பளம் அது.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: “பாதித் துண்டை சேலைனில் போட்டு பூஞ்சைக்கும் அனுப்புவீர்களா?” கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அதற்கென்றே பிரிவு இருக்கிறது. பூஞ்சை வளர நான்கு கிழமைகூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

ஸ்போரோதிரிக்ஸ்தான் என்றால் பெரும்பாலும் இட்ராகொனசோல் கொடுப்பார்கள், மாதக்கணக்கில். இதை மட்டும் பாமசியில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். அது டக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். மாற்றிய சிறுநீரகமே பழுதாகலாம். சிறுநீரக டொக்டர் அளவைக் குறைத்து, இரத்தம் பார்த்துக்கொண்டேதான் கொடுக்க வேண்டும். வயிற்றெரிவுக்கு ஒமிப்ரசோல் குடித்தால் அதையும் சொல்லுங்கள், இட்ராகொனசோல் கெப்சூல் உடம்பில் சரியாகச் சேராது. அதற்காகப் பழைய குளிசைகளை அவராக நிறுத்தவும் கூடாது.

பிள்ளைகளைப் பற்றிப் பயம் வேண்டாம், இந்தப் பூஞ்சை ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. பூனை பிறாண்டி வந்ததுண்டு; வீட்டுப் பூனைக்கு ஆறாத புண் இருந்தால் தள்ளிவையுங்கள். ரோசா வேலியை வெட்டவும் வேண்டாம். புண் ஆறும்வரை லீக்ஸ் பாத்தியை வேறு யாராவது பார்க்கட்டும். பிறகு அவர் தடித்த கையுறையும் சப்பாத்தும் போட்டு இறங்கலாம். போகும்போது கிளினிக் புத்தகத்தோடு அந்தக் கிறீம் டியூப்பையும் கொண்டு போங்கள்.